இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

பிப்ரவரி 3

வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "குளிச்சிட்டிருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். ஒன்றரை வருஷமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய்.

சண்டையைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும், அது உன் ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது?

நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவின் கைகளும் கால்களும் தாமாகவே ஆட ஆரம்பித்திருந்தன. அதற்கு முன்னால் என்ன நடந்தது? 'என்னவோ சரியில்லை' என்று உனக்கு முதலில் எப்போது பட்டது?

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் சுற்றும் ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கி பல வருஷங்களாகப் பதிந்து வைத்ததைத் தோண்டித் துருவுவதுதான் என் வேலை. தூரத்து விண்மீன் மண்டலங்களைச் சுற்றி நட்சத்திரக் கொத்துகள் உண்டு. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் தேனடையில் ஈ மொய்த்த மாதிரி உருண்டையாக நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அபூர்வமாக ஒரு கொத்துக்குள் ஒரே ஒரு புள்ளி, நம்முடைய சூரியனைப் போலப் பல லட்சம் சூரியன்களைச் சேர்த்தாலும் ஈடாகாத வேகத்தில், எக்ஸ்ரேயாகக் கொட்டும். செத்துப்போன நட்சத்திரமோ கருந்துளையோ பக்கத்து நட்சத்திரத்தை உரித்துத் தின்கிறது என்று நினைக்கிறோம்.

அப்படி ஒன்றை நான் கண்டுபிடித்தேன். மங்கலாகக் கிடந்த புள்ளி, ஒரு நிமிடம் ஆவதற்குள் நூறு மடங்கு எரிந்து, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. குழுக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். எங்கள் தலைவர் தானும் ஒருமுறை சரிபார்த்தார். மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்று, "நீ சொன்ன இடத்துல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

ஒன்றும் இல்லை, வாலு. நானும் பார்த்தேன். வெறும் இருட்டு. நான் கண்ணால் பார்த்தது எங்கே போனது? அதோடு, அவருக்கு ஒரே மெயிலை வார்த்தை மாறாமல் இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது தடவை அனுப்பியது சுத்தமாக நினைவில்லை.

எனக்கு நாற்பத்தொன்று. அம்மாவுக்கு அந்த வியாதி ஆரம்பித்ததும் ஏறக்குறைய இந்த வயதில்தான்.

சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்றார், அதனால் படித்துத் தொலைத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறாய். 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி இல்லை. நேராகக் கேள்வி. நீ எப்போதும் அப்படித்தான், உனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். அம்மா போன பிறகு அவள் வீட்டைக் காலி செய்த அன்றைக்கும் அதைத்தான் செய்தாய். பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, அவர் முன்னால், "ரத்தப் பரிசோதனை செய்யாம பிள்ளை கிள்ளை பெத்துக்காதே" என்று சொல்லிவிட்டு டாக்ஸி ஏறிப் போனாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. தொட்டிலுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த மூலையில் இப்போது இஸ்திரிப் பலகை நிற்கிறது.

அவ்வளவு சொன்ன நீ பரிசோதனைக்குப் போனாயா? போகவில்லை. போயிருந்தால் எனக்கு ஏன் எழுதுகிறாய்?

சரி, கேட்டதற்குப் பதில். மறதியில் ஆரம்பிக்கவில்லை. கோபத்தில் ஆரம்பித்தது. கதவைச் சத்தமாகச் சாத்தியதற்கு அம்மா என்னை ஒரு வாரம் முறைத்தாள். நம் அம்மா முறைக்கிற ஆளா? அப்புறம் கால் விரல். சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கடியில் விரல்கள் மட்டும் அசையும், யாரோ எங்கேயோ பாடுகிற பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி. "ஏம்மா காலை ஆட்டுறே?" என்று கேட்டால், "நான் எங்கே ஆட்டினேன்? உனக்குக் கண்ணு சரியில்லை" என்பாள். அது நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. கடைசி வரைக்கும், ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் நான் ஊட்டிவிட்டபோதும், தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னாள்.

அம்மா தன்மேல் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நீ சந்தேகப்படுகிறாய். அதனால் உனக்கு இல்லை என்று வைத்துக்கொள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. மெயிலை இரண்டு தடவை எல்லோரும்தான் அனுப்புகிறார்கள். எங்கள் பல்செட் பட்டறை முதலாளியம்மா ஒரே திட்டை நாலு தடவை திட்டுகிறாள், அவளுக்கு வியாதியா?

இப்படிக்கு, குளித்து முடித்தவள்


பிப்ரவரி 20

வாலு,

நீ திட்டியது எல்லாம் சரி. பதில் வந்ததே எனக்குப் போதும்.

இருளில் தொலைந்த புள்ளி கிடைத்துவிட்டது. தொலைத்தது நான்தான். ஒவ்வொரு கொத்துக்கும் வானத்தில் ஒரு முகவரி உண்டு, வெறும் எண்கள். கூட்டத்தில் காட்டிய பக்கத்தில் அந்த எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். தலைவர் நான் கொடுத்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார், அங்கே வேறு கொத்து, வேறு நட்சத்திரங்கள். சரியான இடத்தில் பார்த்தால் அந்த ஒரு நிமிடம் அப்படியே இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த எக்ஸ்ரே திடீரென்று குழாய் உடைந்த மாதிரி வருகிறது.

நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. புள்ளி பொய்யாக இருந்திருந்தால் கருவியைப் பழி சொல்லியிருக்கலாம். இப்போது புள்ளி நிஜம், தப்பு என்னுடையது. இருபது வருஷமாக இந்த எண்களோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒன்றைக்கூட மாற்றிப் போட்டதில்லை.

தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. 'எண்ணை மாத்திப் போட்டுட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னதும் அவர் என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குத்தான் பயம். கூட்டங்களில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து கால்கள் வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் அசைகிற மாதிரி இருக்கிறது. பார்க்காவிட்டால் அசைந்ததோ என்று இருக்கிறது. நேற்று எதிர் மேஜைக்காரி, "என்ன தேடுறீங்க கீழே?" என்று கேட்டாள். காதணி விழுந்துவிட்டது என்றேன். பாவம், அவளும் குனிந்து தேடினாள். நான் காதணியே போடுவதில்லை.

அம்மாவுக்குத் தன் கால் ஆடுவது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரி என்னைக் கொல்கிறது. எனக்கு ஆடினால் எனக்கும் தெரியாது. இங்கே நான் தனியாக இருக்கிறேன். யார் சொல்வார்கள்?

பரிசோதனைக்குப் போகாததற்குக் காரணம் ஒன்றுதான், பயம். உனக்குச் சொன்னபோது அது எனக்குப் பயமாகத் தெரியவில்லை, அறிவாகத் தெரிந்தது.

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டதற்கு நல்லா இருக்கிறேன் என்று எழுதி முடித்துவிட்டேன். உறையில் போட்டு ஒட்டவும் செய்தேன். அப்புறம் பிரித்து, இதை எழுதுகிறேன்.

உனக்கு நான் பதில் எழுதிய மறுநாள் பட்டறையில் ஒரு செயற்கைப் பல்லுக்கு மெழுகு வார்த்துச் செதுக்கிக்கொண்டிருந்தேன். செதுக்குக் கத்தி கையிலிருந்து விழுந்தது. நழுவவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், விரல்களே விட்டுவிட்டன. நான் அந்தக் கத்தியைப் பிடித்தபடி டீ குடிப்பவள். முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "தூக்கமில்லையா?" என்றாள். தலையாட்டினேன்.

அதற்கப்புறமும் விழுந்தது. வலது கை, கட்டை விரலும் பக்கத்து இரண்டும். காலையில் எழுந்தால் மரத்துப்போய்க் கிடக்கிறது. தட்டில் வரிசையாக வைத்திருக்கிற செயற்கைப் பற்களை எடுத்து அச்சில் பொருத்தும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். யாராவது வந்தால் விட்டுவிடுகிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, டாக்டரைப் பாக்கலாம்" என்பார். நான் போக மாட்டேன். அம்மாவைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். வியாதிக்குப் பெயர் வைத்து முத்திரை குத்திய பிறகு அவள் எப்படி ஆனாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். டாக்டர் பெயர் சொல்வதற்கு முன்னால் அவள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுச் சில்லறை வாங்கி வருவாள். சொன்ன பிறகு, தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தனியாக இருக்கிறேன் என்றாயே. அவர் பக்கத்திலேயே இருந்தும் நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

உன் புள்ளி நிஜமா இல்லையா, அதை மட்டும் உறுதியாகச் சொல். ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும். உன் தலைவரிடம் போய்ச் சொல். அவர் என்ன, கடித்தா வைப்பார்?

வாலு


மார்ச் 18

என் வாலு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். முதலில் உன் கை. அது அம்மாவின் வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டாதே. அம்மாவுக்கு மரத்துப்போனதா? நீதான் பார்த்தவள், யோசித்துச் சொல். எனக்குத் தெரிந்து அம்மாவின் கை ஆடியது, மரத்ததில்லை. பெரிய பரிசோதனை எதுவும் வேண்டாம். கையை மட்டும் ஒரு கை டாக்டரிடம் காட்டு. என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டாவது போ.

புள்ளி நிஜம்.

தலைவரிடம் போனேன். "நீங்க தேடின இடம் தப்பு. நான்தான் எண்ணை மாத்திப் போட்டேன்" என்றேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவுதானா? நான் கருவியே கெட்டுப்போச்சோன்னு ஒரு மாசமா சரியா சாப்பிடல" என்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து வேறொரு தொலைநோக்கியின் பழைய பதிவைத் தேடி எடுத்தோம். அதே விண்மீன் மண்டலம், அதே கொத்து, சில வருஷங்களுக்கு முந்தையது. யாரும் இதுவரை நேர வாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த ஒரு நிமிடம் சுற்றியிருக்கும் வெளிச்சத்தில் கரைந்துபோகும். பிரித்துப் பார்த்தோம். அதிலும் எரிந்திருந்தது. இரண்டு கருவிகள் ஒரே இடத்தில் ஒரே பொய்யைச் சொல்லாது.

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார், அந்த அறையில் நாங்கள் இருவர்தான். நான் தட்டவில்லை. கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, "ரொம்ப நாளா பாக்கறேன், ஏன்மா கையை இப்படி மறைச்சு வெச்சிருக்கே?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா, நீ, கால் விரல், இல்லாத காதணி எல்லாம். அவர் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "இந்தக் கட்டுரை உன் பேர்லதான் முதல்ல வரும். அது தனி. மத்தது தனி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே" என்றார்.

வாலு, நான் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உடனே ரத்தம் எடுத்துவிட மாட்டார்களாம். முதலில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், யோசித்து வரச் சொல்கிறார்கள். முடிவு சொல்கிற நாளில் கூட ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ வருவாயா? உன் ரத்தத்தைக் கேட்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

என்னால் முடியாது. மன்னித்துக்கொள்.

அந்த ஆஸ்பத்திரி நடைபாதை எனக்குத் தெரியும். பச்சை நாற்காலிகள், சுவரில் மூளைப் படம், அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு நான். உன் ஊர் ஆஸ்பத்திரியில் நாற்காலி வேறு நிறமாக இருக்கும். ஆனாலும் அதே இடம்தான். ரயில் டிக்கெட் எடுக்கவும் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கண்ணாடிக்குள் இருந்தவர் "எங்கே?" என்றார். ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. பின்னால் இருந்தவர் "சீக்கிரம்மா" என்றார். வெளியே வந்துவிட்டேன்.

உனக்கு ஒன்றும் இருக்காது. இருக்கக் கூடாது.

வாலு


ஏப்ரல் 29

வாலுவுக்கு,

உன்மேல் கோபம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் பேச்சு வராமல் நின்றாயே, அவ்வளவு தூரம் போனதே பெரிசு.

முடிவு சொன்ன நாளில் தலைவர் என்கூட வந்தார். நான் கேட்கவில்லை. "எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். அவருக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை. முழுநேரமும் ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருக்கிறது.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இப்போது மற்றதையும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், எண்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். "இப்போதைக்கு எதுவும் ஆரம்பிக்கலை" என்றார். இலக்கம் இடம் மாறியதும், மெயில் இரண்டு தடவை போனதும் வெறும் தப்புகள்தான். எதை வைத்து நான் பயந்தேனோ அது வியாதி இல்லை. ஆனால் வியாதி இருக்கிறது. எப்போது வரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சில வருஷங்கள் என்றார். நான் எத்தனை என்று கேட்டேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

உனக்கு ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இருப்பதால் உனக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை. எனக்கு இருப்பதால் நீ தப்பித்தாய் என்றும் அர்த்தமில்லை. அம்மாவிடமிருந்து வந்தது நமக்குத் தனித்தனியாகப் பூவா தலையா. தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். வீட்டைக் காலி செய்த அன்றைக்கு அது உன் இஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது, வாலு. வெறும் பயம். காலையில் பல் தேய்க்கும்போது, லிஃப்டில் ஏறும்போது, குழாயை மூடும்போது. கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் அந்தக் கொத்தை நாள் கணக்காகப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மறுபடி எரிந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம், அது என்ன என்று சொல்லிவிடலாம். எரியாவிட்டால் அதற்கடுத்த வருஷம், அதற்கும் அடுத்தது. மற்றவர்கள் 'பாத்துக்கலாம்' என்கிறார்கள். நான் அப்போது எங்கே உட்கார்ந்திருப்பேன், எதை எண்ணத் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறேன்.

அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் மனிதர்களே இல்லை. அதற்கு அவசரமில்லை. எனக்குத்தான் அவசரம்.

உன் கை எப்படி இருக்கிறது?

அக்கா


மே 7

அக்கா,

கடிதம் வேலைக்குக் கிளம்பும்போது வந்தது. பையில் போட்டுக்கொண்டு போய், பல் அச்சுக்குச் சாந்து குழைக்கிற அறையில் நின்று படித்தேன். அந்த இரண்டு வார்த்தைகள் வந்ததும் அச்சு தேய்க்கிற மெஷினைப் போட்டுவிட்டேன். அது போடுகிற சத்தத்தில் ஒருத்தி கத்தி அழுதாலும் வெளியே கேட்காது. வெளியே வந்தபோது முகமெல்லாம் வெள்ளைச் சாந்து. முதலாளியம்மா அதைப் பார்த்தாள். முதல் தடவையாக எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னுடையது, என் கை, டிக்கெட் வரிசையில் நின்று திரும்பியது. எழுந்துபோய்ச் செருப்பை மாட்டினார். அப்புறம், "ஒண்ணரை வருஷமா நீ குளிக்கிறேன்னு உங்கக்காகிட்ட பொய் சொல்லிட்டிருக்கேன். எனக்கும் ஒரு அளவு இருக்கு, கிளம்பு" என்றார். முதலில் கையைக் காட்டக் கூட்டிப் போனார்.

கை டாக்டர் மணிக்கட்டில் ஊசி மாதிரி ஏதோ வைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தார். நரம்பு நசுங்கியிருக்கிறதாம். சின்னக் கத்தியைப் பிடித்து நாள் பூராவும் செதுக்குகிறவர்களுக்கு வருவதாம். ஒரு பட்டை கொடுத்திருக்கிறார், கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன், கையெழுத்துக் கோணல் அதனால்தான். நீ சொன்னது சரி. அம்மாவுக்கு மரத்ததே இல்லை. அது எனக்குத் தெரியும், பயத்தில் மறந்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனைக்கு நான் போகவில்லை. போவேனா என்று கேட்காதே, இன்றைக்குப் பதில் இல்லை. பாதி பயம் டாக்டரோடு போயிற்று. மீதியை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாளியம்மாவிடம் ஒரு மாதம் லீவு கேட்டேன். "ஒரு மாசமா?" என்று கத்தினாள், கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ரயில். இந்தத் தடவை கண்ணாடிக்காரர் "எங்கே?" என்றதும் உன் ஊர்ப் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், வரிசையே திரும்பிப் பார்த்தது.

அங்கே வந்து உன் காலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறேன் என்று நினைக்காதே. சமைப்போம், சண்டை போடுவோம், அந்தக் கொத்து எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டு. ஆனால் ஒன்று, அக்கா. என்றைக்காவது ஆரம்பித்தால் நான் உன்னிடம் சொல்வேன். அம்மாவிடம் சொன்ன மாதிரி "ஏன் காலை ஆட்டுறே?" என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நேராகச் சொல்வேன். நீ என்னை நம்பலாம்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும் என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கு வழி தெரியாது. வந்து நில்.

வாலு